பணியாளர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமை மருத்துவ அலுவலர் அவர்களே, மருத்துவர்களே, செவிலியர் சகோதரிகளே, நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராக இந்தக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. இதன் நகல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கும் போகும் என்பதால் ஆட்களின் பெயர்களை இதில் சேர்க்கவில்லை. சங்கம் மாதாமாதம் அடித்து ஒட்டும் செய்தி மடல்களில் எல்லாப் பெயர்களும் வந்திருக்கின்றன.

வழக்கமான நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே 12 செவிலியர் தினத்தன்று மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி எடுத்தோம். ஜூலை 1 மருத்துவர் தினம் கேக் வெட்டி நடந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஜூலை 30 மருத்துவமனை தினம் என்பதால் கோலப்போட்டியும் மரக்கன்று நடுதலும் வைத்தோம். ஆயுத பூஜைக்கு ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே மெஷின், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை கொடுத்தோம். பொங்கலுக்குச் சமையலறை வாசலில் பொங்கல் வைத்தோம். செயற்குழு மாதாமாதம் கூட வேண்டும். போதிய ஆள் சேராமல் சில மாதங்கள் தள்ளிப்போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வந்தவர்கள், போனவர்கள். மகப்பேறு வார்டின் நர்சிங் சூப்பரின்டெண்ட் அம்மா மே மாதம் ஓய்வு பெற்றார். ஓய்வு வயது 58 ஆகவே இருந்திருந்தால் 2022-லேயே போயிருப்பார். 2020-ல் 59, 2021-ல் 60 என்று உயர்ந்ததால் நமக்கு இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்தார். இடமாறுதல் கலந்தாய்வில் இரண்டு ஸ்டாஃப் நர்ஸ்கள் வந்தார்கள், ஒருவர் சொந்த மாவட்டத்துக்கு மாறிப் போனார். குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். எக்ஸ்ரே டெக்னீஷியன் அம்மா மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். 2021 ஜூலையிலிருந்து அது 12 மாதம் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் அவர் இடத்துக்கு மாற்று ஆள் போடவில்லை, மீதமிருக்கும் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கிறார். மயக்க மருந்து மருத்துவர் பணியிடம் இன்னும் காலி. டெபுடேஷனில் வருகிறவர் இல்லாத நாட்களில் சிசேரியன் கேஸ்களை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்ப வேண்டியிருக்கிறது. மனு கொடுத்திருக்கிறோம்.

நெடுநாள் நம்மோடு இருந்த ஆண் வார்டு உதவியாளர் பிப்ரவரியில் காலமானார். சங்கத்தின் சார்பில் குடும்பத்தாரைப் பார்த்து, விதிப்படியான உதவித்தொகையைக் கொடுத்தோம். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி மடலுக்கு வருகிறேன். இந்த ஆண்டு சங்கம் செய்தவற்றில் முக்கியமானது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நம் மருத்துவமனையில் மூன்று ஷிஃப்டில் வேலை நடக்கிறது. ஓ.பி.யில் இருப்பவருக்கு லேபர் வார்டில் நடப்பது தெரியாது, லேபில் நடப்பது கிச்சனுக்குத் தெரியாது. ஒருவர் ஓய்வு பெற்றுப் போன செய்தி நைட் ஷிஃப்டுக்குப் பத்து நாள் கழித்துப் போய்ச் சேருகிறது. வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். அதில் தூய்மைப் பணியாளர்களில் பாதிப் பேர் இல்லை. பலரிடம் இருப்பது பட்டன் போன்தான். அதனால்தான் 2024 ஏப்ரலில் 'பணியாளர் செய்தி' என்று ஒரே ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கம், மாதத்தின் முதல் வாரத்தில் ஒட்டுவது என்று செயற்குழு முடிவெடுத்தது. கேட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்து, பயோமெட்ரிக் வைத்திருக்கும் இடம், லேபர் வார்டு டியூட்டி ரூம், லேப், கிச்சன், காவலர் அறை ஆகிய ஐந்து இடங்களில் ஒட்டுகிறோம். பன்னிரண்டு மாதமும் விடாமல் வந்திருக்கிறது.

யார் வந்தார்கள், யார் போகிறார்கள், யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு ரத்தம் தேவை, புதிதாக என்ன அரசாணை வந்தது, இவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் அதனால் நடந்த காரியங்களைப் பாருங்கள். பி.எஃப். பாஸ்புக்கை உமாங் செயலியில் எப்படிப் பார்ப்பது என்று ஜூன் மடலில் படம் போட்டு விளக்கினோம். ஒப்பந்தப் பணியாளர்கள் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல, சிலருக்குச் சம்பளத்தில் பிடித்த தொகை இரண்டு மாதமாகக் கணக்கில் ஏறவில்லை என்பது தெரிந்தது. அவர்களை வேலைக்கு அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்திடம் தலைமை மருத்துவ அலுவலர் மூலம் கேட்டு, தொகை ஏறியது. இ.எஸ்.ஐ. அட்டை வாங்காமலே இருந்தவர்களும் அந்தச் சமயத்தில்தான் வாங்கினார்கள்.

ஆகஸ்ட் மாதம் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் அந்தப் பெண் மருத்துவருக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு நம் சகோதரிகள் எவ்வளவு பயத்தோடு நைட் டியூட்டிக்கு வந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவரைக் கத்தியால் குத்தினார்கள். அந்த வாரமே மடலுக்கு ஒரு தனி இணைப்பு போட்டோம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டுக்குக் குறையாத, பத்து ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை என்பது நம்மவர்களிலேயே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. சட்டத்தின் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் அடித்து எமர்ஜென்சி வாசலில் ஒட்டினோம், இன்றும் அங்கே இருக்கிறது. லேபர் வார்டுக்குப் பின்னால் பல மாதமாக எரியாமல் கிடந்த விளக்குகளும் அதற்குப் பிறகுதான் எரிந்தன. பெண்களுக்கான நைட் டியூட்டி ஓய்வறைக்குக் கதவுத் தாழ்ப்பாள் சரிசெய்யப்பட்டது. தனி கழிப்பறை இன்னும் வரவில்லை.

டிசம்பர் மடலைப் பற்றித்தான் செயற்குழுவில் மனத்தாங்கல் வந்தது. அதை இங்கே வெளிப்படையாகச் சொல்வது என் கடமை.

நவம்பர் 30 சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஓ.பி. வராந்தாவில் கணுக்கால் தண்ணீர், மருந்தக வாசல்படி வரை ஏறிவிட்டது. ஐ.வி. பாட்டில் பெட்டிகள் கீழ்த்தட்டில் இருந்தன. ஒரு பெட்டியில் 24 பாட்டில், பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. அவற்றைத் தூக்கிக் கவுன்டர் மேல் அடுக்கியது யார்? நைட் டியூட்டி காவலரும் தூய்மைப் பணியாளர் அக்கா இரண்டு பேரும்தான். அதில் ஒரு அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்று பெட்டியைத் தோளில் வாங்கி வாங்கிக் கொடுத்தார். இன்சுலின் இருக்கும் ஃபிரிட்ஜுக்கு ஜெனரேட்டர் லைன் போகிறதா என்று இரவு முழுக்க டார்ச் அடித்துப் பார்த்தவரும் அவர்தான். நடுவில் வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது, பிள்ளைகளைப் பக்கத்து மாடிக்கு ஏற்றிவிட்டார்கள் என்று சொன்னார்கள். "சரி, பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி பெட்டியைத் தூக்கினார். காலை ஷிஃப்ட் வர முடியாததால் ஞாயிறு மதியமும் அவர்களே இருந்தார்கள். டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து பெருந்தண்ணீர் வந்து தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கிய பிறகு காய்ச்சல், பாம்புக்கடி, காலில் வெட்டுக்காயம் என்று கூட்டம் வந்தது. அப்போது மருந்து தட்டுப்பாடில்லாமல் கொடுக்க முடிந்தது என்றால் அந்த இரவில் பெட்டிகள் நனையாததுதான் காரணம்.

டிசம்பர் மடலில் அந்த மூன்று நாளும் பணியில் இருந்த எல்லோருடைய பெயரையும் போட்டோம். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், 108 ஓட்டுநர், தூய்மைப் பணியாளர், காவலர் என்று பதவி வரிசை பார்க்காமல் அகர வரிசையில் போட்டோம். அதனால் ஒரு தூய்மைப் பணியாளரின் பெயர் முதலில் வந்தது. சங்கப் பணத்தில் அடிக்கிற தாளில் உறுப்பினர் அல்லாதவர்களின் பெயர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். வரிசையை மாற்றி மறுபடி அடிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. தலைவர் அவர்கள் என் பக்கம் நின்றதற்கு இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன்.

அந்த அக்காக்கள் உறுப்பினராக முடியாததற்குக் காரணம் நம் விதி. நிரந்தரப் பணியாளர்களும் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களும் மட்டுமே உறுப்பினர் என்று அதில் இருக்கிறது. அந்த விதி எழுதப்பட்டபோது துப்புரவு, காவல், சமையல் எல்லாமே அரசுப் பணியாக இருந்தன, அவர்கள் எல்லோரும் உறுப்பினர்களாக இருந்தார்கள். வேலை ஒப்பந்தத்துக்குப் போனதும் அவர்கள் தாமாகவே சங்கத்துக்கு வெளியே போய்விட்டார்கள். நாம் யாரும் அவர்களை வெளியேற்றவில்லை, ஆனால் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

அடுத்தது சந்தா. மாதம் 50 ரூபாய், ஆண்டுக்கு 600. டீக்கடையில் நான்கு நாளைக்கு ஆகிற செலவு. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாக்கி வைத்திருக்கிறார்கள், சிலருக்கு மூன்று ஆண்டுக்கும் மேல். மருத்துவர்களில் பலர் மாலைக் கூட்டத்துக்கு வர இயலவில்லை என்றார்கள், மதியத்துக்கு மாற்றினோம். மதியம் ஓ.பி. முடியத் தாமதமாகிறது என்றார்கள், ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். ஞாயிறு குடும்பத்துக்கான நாள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஓய்வு பெறும் நாளில் சால்வையும் மாலையும் பிரிவுபசாரமும் சங்கத்திடமிருந்து எதிர்பார்க்கும்போது, அந்தச் சால்வை யாருடைய 50 ரூபாயில் வாங்கப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் மடல் குறித்து ஆட்சேபம் சொன்னவர்களில் சிலருடைய பெயரும் பாக்கிப் பட்டியலில் இருக்கிறது. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சுருக்கமாகச் சொன்னால், நடுவில் இரண்டு மாதம் கை கடித்தது, உதவித்தொகை கொடுத்த பிறகு வங்கியில் இருந்தது குறைந்தது, மார்ச் முடிவில் கடன் இல்லாமல் ஓரளவு இருப்பு இருக்கிறது. மடலுக்கான ஜெராக்ஸ் செலவு மொத்தச் செலவில் மிகச் சிறியது. தணிக்கையாளர் பார்த்து ஒப்புதல் தந்திருக்கிறார்.

ஆண்டு முடிந்தபின் வந்ததென்றாலும் எல்லோரும் கேட்பதால் ஒரு செய்தி. நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஈட்டிய விடுப்பு சரண், அதாவது எடுக்காத விடுப்பைக் கொடுத்துப் பணமாகப் பெறுவது, 2026 ஏப்ரலில்தான் வரும் என்று மார்ச் 14 பட்ஜெட்டில் அறிவித்திருந்தார்கள். ஏப்ரல் 28 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அதை 2025 அக்டோபர் 1 முதல் என்று முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பதினைந்து நாள் வரை சரண் செய்யலாம். பண்டிகை முன்பணம் 10,000-லிருந்து 20,000 ஆகிறது. மகப்பேறு விடுப்புக் காலம் தகுதிகாண் பருவத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் என்பது புதிதாகச் சேர்ந்த நம் செவிலியர் தங்கைகளுக்குப் பெரிய நிம்மதி. அரசாணை வந்ததும் முழு விவரம் மடலில் வரும்.

தலைமை மருத்துவ அலுவலர், சங்கத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், அலுவலகக் கண்காணிப்பாளர், மடலைக் கடனுக்கு நகலெடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர் அனைவருக்கும் நன்றி. கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகவே ஒவ்வொரு மாதமும் மடலின் தலைப்பை எழுதித் தந்த லேப் டெக்னீஷியன் தம்பிக்குத் தனி நன்றி.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஒப்பந்தப் பணியாளர்களை இணை உறுப்பினர்களாகச் சேர்க்க விதியைத் திருத்த வேண்டும், அவர்களுக்குச் சந்தா மாதம் 10 ரூபாய் போதும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். விதித் திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதற்குச் சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர்கள் நேரில் வந்து கை தூக்க வேண்டும். இன்று இங்கே இருப்பவர்கள் எண்ணிக்கை அதற்குப் போதாது. ஆகவே ஜூலை 30 மருத்துவமனை தினத்தன்று, எல்லோரும் எப்படியும் வளாகத்தில் இருக்கும் நாளில், சிறப்புப் பொதுக்குழு வைக்கலாம் என்று தலைவரிடம் கேட்டிருக்கிறேன். என் பதவிக்காலம் செப்டம்பரில் முடிகிறது. செயலாளர் பொறுப்பை எடுத்துக்கொள்ள இளையவர்கள் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், மடலைத் தொடர்வேன் என்ற ஒரு உறுதி மட்டும் தந்தால் போதும். யாரும் வராவிட்டால் இன்னொரு முறை நிற்க நான் தயார்.

சந்தா பாக்கியை இன்று வாசலில் பொருளாளரிடம் கட்டலாம், ஜிபேயும் உண்டு. ஜூன் மடலுக்குச் செய்தி தர விரும்புவோர் இந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் மருந்தகக் கவுன்டரில் எழுதிக் கொடுக்கவும். எழுதத் தெரியாதவர்கள் வந்து சொன்னாலே போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்