ஏற்காடு போகும் சைக்கிளை முதல் நாளே வாங்கிக்கொள்ளச் சொல்வது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கடைக்கு வந்து, வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக ஏற்காடு கிளம்பும் பழக்கம் நம்மில் பலருக்கு இருந்தது. இந்த மாதம் முதல் அதை நிறுத்திவிட்டோம். மலைக்குப் போகிற வண்டியை முந்தின நாள் மாலையே வந்து, நீங்கள் ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தருகிறோம். சிலருக்கு இதில் வருத்தம் என்று தெரியும். அதனால்தான் இந்த மடல்.

சில வாரங்களுக்கு முன் நம் வாடிக்கையாளர் ஒருவர் மலையிலிருந்து இறங்கும்போது பின் டியூப் வெடித்தது. வளைவைத் தாண்டி நேர் ரோட்டுக்கு வந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வண்டி கடைக்கு வந்ததும் பார்த்தால் பின் பிரேக் கட்டையில் ரப்பர் தேய்ந்து ஒரு பக்கம் பளபளவென்று இறுகிப்போயிருந்தது. அனுப்பும் முன் நாங்கள் பார்த்திருக்க வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். உங்கள் எல்லோரிடமும் கேட்கிறோம்.

சரி, டியூப் ஏன் வெடித்தது? அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். ஆளும் வண்டியும் சேர்ந்து 82 கிலோ என்றால், அந்த உயரத்துக்கு ஏற்றிய உழைப்பு கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. இறங்கும்போது காற்று தடுத்துத் தாங்குகிற பங்கு போக, மீதி எல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான் போகிறது. பயந்துகொண்டு பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினால் ரிம் ஆறவே நேரமில்லை. அந்தச் சூடு உள்ளே இருக்கிற டியூப்புக்கு ஏறித்தான் அது வெடிக்கிறது. வளைவுக்கு முன்னால், நேர் ரோட்டிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் இதே பழக்கம் வேண்டும்.

ஏறுவதற்கும் முதல் நாளே வரச் சொல்கிறோம், கியர் பார்க்க. செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் (மிதிப் பக்கம்) 34 பல், பின்னால் 25 பல் என்றால் ஒரு சுற்று மிதிக்கு வண்டி ஏறக்குறைய 2.9 மீட்டர் போகும். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் வரும், முழங்கால் கனத்துவிடும். பின்னால் 32 பல் போட்டால் அதே வேகத்துக்கு 67 சுற்று. இருபது கிலோமீட்டர் ஏற்றத்தில் இந்த வித்தியாசம் கடைசி ஐந்து வளைவில் தெரியும். வேண்டியவர்களுக்கு மாற்றிப் பூட்டித் தருகிறோம். அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.

போகிற வழியையும் கொஞ்சம் பாருங்கள். அறுபதடிப் பாலம் தாண்டி மூச்சு வாங்க நிற்கும்போது சேலம் பக்கம் திரும்பினால், சமவெளியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற குழிகள்தான் வெள்ளைக்கல் சுரங்கங்கள். மேக்னசைட். இரும்பு உலைக்குள் சுவராக நிற்கும் செங்கல் அந்தக் கல்லில் செய்தது. அத்தனை சூட்டைத் தாங்கும். நம் பிரேக் ரப்பருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேலே சேர்வராயன் கோயில் பக்கம் மண் சிவந்து கிடக்கும். அங்கே பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறக்கிய காலம் உண்டு. நம் ரிம்மும் அலுமினியம்தான். அந்தச் செம்மண்ணில் ஓட்டிவிட்டு இறங்கும் முன் பிரேக் கட்டையைத் துணியால் துடையுங்கள். ஒட்டிய பொடிக்கல் ஒவ்வொரு பிடியிலும் ரிம்மைச் சுரண்டும். வீட்டுச் சொந்த வண்டிக்கும் இதேதான்.

சோதனை மாலை ஐந்து முதல் எட்டு மணி வரை. சொந்த வண்டியில் போகிறவர்களும் கொண்டுவரலாம், பிரேக்கை மட்டும் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம். ஹெல்மெட் எல்லா அளவிலும் இருக்கிறது. வண்டி எடுக்கும்போது இரண்டு உபரி டியூப்பும் பம்பும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோரிமேடு சைக்கிள் கடையினர்