தட்டில் விழுந்த வளையம் மருந்தாகுமா?

ஆசிரியருக்கு,

துளசி இலைச் சாறு நோய்க்கிருமிகளை அழிப்பதாகத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். துளசியில் யூஜினால், உர்சாலிக் அமிலம், ரோஸ்மரினிக் அமிலம் போன்ற சேர்மங்கள் இருப்பது உண்மை. யூஜினால் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைக்கும் என்பதும் உண்மை. ஆனால் கிருமிகளை வளர்க்கும் கூழ் நிரப்பிய அகார் தட்டில், சாற்றில் நனைத்த காகித வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெரியும் தெளிந்த வளையத்தை மட்டும் வைத்து 'ஆன்டிபயாடிக்குக்கு மாற்று' என்று தலைப்பிடுவது அவசரம். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாறு எடுக்கக் கரைப்பானாகப் பயன்படுத்திய மெத்தனால் முழுவதும் உலராத காகித வில்லையைத் தட்டில் வைத்தால், மெத்தனாலே கிருமியைத் தடுப்பதால், சாறே இல்லாவிட்டாலும் அதைச் சுற்றி வளையம் விழும். எண்ணெய்ப் பசையுள்ள சேர்மங்களோ அகாரில் சரியாகப் பரவுவதில்லை. அதனால் நல்ல சேர்மமும் சிறிய வளையத்தோடு நின்றுவிடும். ஆக, வளையத்தின் அளவு இரண்டு பக்கமும் ஏமாற்றக்கூடியது.

கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கக் குறைந்தது எவ்வளவு சாறு தேவை என்பதே முக்கியம். மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் அதை வலுவான விளைவாக ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்வதில்லை. போதாக்குறைக்கு, துளசியிலேயே வகைக்கு வகை சேர்ம அளவு மாறும். சிலவற்றில் யூஜினாலைவிட, அதிலிருந்து வேறுபட்ட சேர்மமான மெத்தில் யூஜினாலே மிகுதி. எனவே இத்தகைய செய்திகளில் எந்தக் கரைப்பான், எந்தக் கிருமி, எவ்வளவு செறிவு, சோதனை தட்டிலா விலங்கிலா மனிதரிடமா என்ற விவரங்களை இரண்டு வரியிலாவது சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர்