செயலாளரின் ஆண்டறிக்கை 2025: எவருக்கும் உரிய உரிமைகளும் நம் வட்டாரத்தின் நிலையும்

அவைத் தலைவர் அவர்களே, ஆலோசகர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள நம் சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025 ஆம் ஆண்டுக்கான செயலறிக்கையை இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

வழக்கமாக விழாக்களுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் செலவிடும் உழைப்பின் பெரும்பகுதியை ஓராண்டுக்கு வேறு பணிக்குத் திருப்புவது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். மனிதராய்ப் பிறந்த எவருக்கும் உரிய அடிப்படை உரிமைகள் எவை என்பதை நம் மக்கள் அறியச் செய்வதும், அவற்றைப் பெற வழி தெரியாமல் அலைபவர்களுக்குத் துணை நிற்பதும் அந்தப் பணியாகும். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

மாதந்தோறும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்த வகுப்புகளில் இரண்டு ஆவணங்களைப் படித்தோம். ஒன்று, 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனம். 30 விதிகள் கொண்ட அதற்கு ஆதரவாக 48 நாடுகள் வாக்களித்தன. 8 நாடுகள் நடுநிலை வகித்தன. எந்த நாடும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. மற்றொன்று, நம் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் பகுதி, அதாவது 5 முதல் 13 வரையிலான விதிகள். பிரகடனம் சட்டமல்ல என்பதையும், அதை வைத்து நேரடியாக வழக்குத் தொடுக்க முடியாது என்பதையும் முதல் வகுப்பிலேயே தெளிவுபடுத்தினோம். ஆனாலும் அது வெறும் காகிதமல்ல. நம் நாட்டின் மனித உரிமை ஆணையமான சுஹாகாமை அமைத்த 1999 ஆம் ஆண்டுச் சட்டம், அரசியலமைப்புக்கு முரண்படாத அளவில் அந்தப் பிரகடனத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையையும் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையையும் மலேசியா 1995 இல் ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2010 இல் ஏற்றது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையும் இன்னும் ஏற்கப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

1948 என்ற ஆண்டைக் கேட்டதும் வகுப்புக்கு வந்த மூத்த உறுப்பினர்களுக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. எவரையும் காரணமின்றிக் கைது செய்யலாகாது என்று பாரிசில் எழுதிக்கொண்டிருந்த அதே மாதங்களில், இங்கே விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரம் நடைமுறையில் இருந்தது. அடையாள அட்டையும் அவசரகாலத்தில்தான் நம் வீடுகளுக்குள் வந்தது. மக்களைக் கண்காணிக்கப் பிறந்த அந்த அட்டை இன்று பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்கும் வாக்குச் சாவடிக்கும் நுழைவுச் சீட்டாகிவிட்டது. ஆகவே, நம் வட்டாரத்தில் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு ஆவணத்தில் வந்து நிற்பது இயல்பே.

இவ்வாண்டின் முதன்மைப் பணியாக அமைந்த ஆவண உதவி முகாமைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். மாதம் ஒருமுறை சங்க அலுவலகத்தில் நடத்திய இம்முகாமுக்கு வந்தவர்களில் பலர், தாங்கள் இந்த மண்ணில்தான் பிறந்தோம் என்பதை நிரூபிக்கக் கையில் ஒன்றும் இல்லாதவர்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் மருத்துவச்சி பிரசவம் பார்த்திருப்பார். பிறப்பைப் பதிய நகரத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று தகப்பனார் நாளைத் தள்ளியிருப்பார். பிறகு தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டிருக்கும். தோட்டமே கைமாறிய பின் அலுவலகப் பதிவேடுகளும் செக்ரோல் எனும் கூலிப் பதிவுப் புத்தகங்களும் எங்கே போயின என்று எவருக்கும் தெரியாது. மெர்டேக்காவுக்கு (நாட்டின் சுதந்திரத்துக்கு) முன் இங்கே பிறந்தவர்களுக்கு, வசிப்புக் காலம், நன்னடத்தை, ஓரளவு மலாய் மொழியறிவு ஆகிய நிபந்தனைகளின் பேரில் குடியுரிமைப் பதிவுக்கு அரசியலமைப்பின் 16 ஆம் விதி வழி வைத்திருக்கிறது. வழி இருந்தும், பிறந்ததற்கான சான்று இல்லாததால், வாழ்நாள் முழுவதும் பால்மரம் சீவி இந்நாட்டின் ஏற்றுமதியை வளர்த்த பாட்டிமார், குடியுரிமையற்ற நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையுடனே முதுமையைக் கழிக்கிறார்கள். இவர்களுக்காகப் பழைய தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும், கோயில் திருமணக் குறிப்புகளையும், உடன் வேலை செய்தவர்களின் சத்தியப் பிரமாணங்களையும் நம் இளைஞர் பிரிவினர் தேடித் திரட்டினர். இது பொறுமை வேண்டும் வேலை. ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு பதிவேட்டுப் பக்கம் கிடைப்பதற்குள் பல வாரங்கள் ஓடிவிடுகின்றன.

முகாமில் நாம் கண்ட மற்றொரு பெரும் சிக்கல், பதியப்படாத திருமணம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களைப் பதிய வேண்டும் என்று கூறும் 1976 ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆயினும், கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்தால் கல்யாணம் முடிந்தது என்ற எண்ணம் இன்றும் நம்மிடையே இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் அந்தத் திருமணத்தில் பிறக்கும் பிள்ளை மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை. அதன் குடியுரிமை தகப்பனைப் பின்பற்றாமல் தாயைப் பின்பற்றும். தாய் வெளிநாட்டவராகவோ ஆவணம் இல்லாதவராகவோ இருந்துவிட்டால், தகப்பன் நீல அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமகனாக இருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடக்கூடும். பெற்றோர் பிற்பாடு திருமணத்தைப் பதிந்துகொண்டாலும் பிள்ளையின் நிலை தானாக மாறிவிடுவதில்லை. சிறப்புச் சூழ்நிலையில் சிறுவயதினரைக் குடிமக்களாகப் பதிய அரசியலமைப்பின் 15ஏ விதி மத்திய அரசுக்கு இடமளிக்கிறது. அதற்கு வயது வரம்பு உண்டு என்பதால், இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாமல் முகாமுக்கு வர வேண்டும் என்று இந்த அவையின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நாட்டுரிமை பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது பிரகடனத்தின் 15 ஆம் விதி. அந்த ஒரு விதி கைவராத பிள்ளைக்கு மற்ற இருபத்தொன்பதும் எட்டாமலே போகும் நிலையைத்தான் முகாமில் மாதந்தோறும் பார்த்தோம். தாலி கட்டும் முன் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதைக் கட்டாயமாக்குமாறு வட்டாரக் கோயில் நிர்வாகங்கள் அனைத்துக்கும் சங்கம் கடிதம் எழுதியது. சில கோயில்கள் உடனே இசைந்தன. மற்றவற்றின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அடுத்து, செயலவையில் நீண்ட விவாதத்தை எழுப்பிய ஒரு முடிவைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் குடியிருந்த லயங்களில் இன்று வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் குடியிருக்கிறார்கள். கூலிப் பிடித்தம் பற்றியும் கடப்பிதழ் பற்றியும் கேட்க அவர்களில் சிலர் நம் முகாமுக்கு வந்தபோது, தமிழர் சங்கம் அவர்களுக்கு ஏன் நேரம் ஒதுக்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் எழுத்து மூலமாகவே கேட்டிருந்தனர். நம் பிள்ளைகளுக்கே வேலை கிடைக்காத நிலையில் இது தேவையா என்பது அவர்களின் வாதம். அந்த மனவருத்தத்தின் காரணத்தை நான் அறிவேன். மலிவான கூலிக்கு ஆள் கிடைத்தபோது நம் குடும்பங்கள் தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்டதை மறந்துவிட்டு எவரும் பேசவில்லை. ஆனாலும் என் நிலைப்பாட்டை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள். அந்த ஒப்பந்த முறை மலாயாவில் 1910 இல் ஒழிக்கப்பட்ட பின்னும், ஆள் திரட்டி வந்த கங்காணியிடம் பட்ட முன்பணக் கடன் அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. முகவரிடம் பட்ட கடனும் முதலாளியின் பெட்டியில் பூட்டப்பட்ட கடப்பிதழும் இன்றைய தொழிலாளியை அதேபோல் கட்டிப்போடுகின்றன. நம் தாத்தாவுக்கு நேர்ந்தது அநீதி என்றால் இவருக்கு நேர்வதும் அநீதியே.

சட்டமும் இதையே சொல்கிறது. பேச்சுரிமை, ஒன்றுகூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை அரசியலமைப்பின் 10 ஆம் விதி குடிமக்களுக்கு மட்டுமே வழங்குகிறது. அதிலும் நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதிக்க இடமுண்டு. ஆனால் உயிருக்கும் உடல் விடுதலைக்குமான 5 ஆம் விதி, அடிமைத்தனத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்யும் 6 ஆம் விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 8 ஆம் விதியின் முதற்கூறு, சமயச் சுதந்திரத்துக்கான 11 ஆம் விதி ஆகியவை அட்டையின் நிறம் பார்ப்பதில்லை. 2025 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உரியது. 2019 முதல் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்பு அவருக்கும் உண்டு. பிறருடைய கடப்பிதழைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966 ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தம் கட்டாய உழைப்பைத் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. இவற்றையெல்லாம் எடுத்துவைத்து விவாதித்தபின், முகாம் எவருக்கும் திறந்திருக்கும் என்று செயலவை பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் இருவர், அடுத்த முகாமில் மலாய் மொழியில் கடிதம் எழுதிக்கொடுக்கத் தாமாகவே முன்வந்தனர் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். ஒரு குத்தகையாளரிடம் சிக்கியிருந்த கடப்பிதழ்கள், தொழிலாளர் இலாகாவுக்குப் புகார் அனுப்பிய பிறகு உரியவர்களிடம் திரும்பி வந்தன.

கைதானவர்களின் உரிமை பற்றிய வகுப்புக்குத் தாய்மார்களே அதிகம் வந்தனர். அதற்கான காரணத்தை விளக்க வேண்டியதில்லை; தடுப்புக் காவலில் நேர்ந்த மரணச் செய்திகளில் நம் இளைஞர்களின் பெயர்களை அவர்கள் படித்திருக்கிறார்கள். கைது செய்யப்பட்டவருக்கு இயன்ற விரைவில் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பவை 5 ஆம் விதி தரும் உரிமைகள். உறவினருக்குத் தகவல் தெரிவிக்கும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில், மாஜிஸ்திரேட்டின் ஆணையின் பேரில் முதலில் 4 நாள், பின்னர் 3 நாள் வரைதான் விசாரணைக் காவல் நீடிக்கலாம். அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரியவற்றில் இரு தடவையும் 7 நாள் வரை நீடிக்கலாம். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா எனும் சிறப்புச் சட்டத்தின் கீழ் காவல்துறையே 28 நாள் வரை தடுத்து வைக்க முடிவதை நான் ஏற்கவில்லை. எந்தக் குற்றம் சுமத்தப்பட்டவரும் விரைவில் ஒரு நீதிபதியின் முன் நிறுத்தப்பட வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத குடிமக்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம் என்பதையும், பிள்ளையைப் பார்க்க நிலையத்துக்குப் போகும் பெற்றோர் நேரத்தையும் பேசிய அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் வழக்கறிஞர் ஒருவர் தமிழில் விளக்கினார். இந்தக் குறிப்புகளை ஒரே தாளில் அச்சிட்டு வீடுதோறும் கொடுத்தோம்.

வீட்டுரிமை குறித்துக் குறைவாகவே செய்ய முடிந்தது. நிலம் விற்கப்பட்டதால் லயத்தைவிட்டு வெளியேறச் சொல்லப்பட்ட குடும்பங்களுக்காக மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுத்துள்ளோம். மூன்று தலைமுறை உழைத்த இடத்தில் ஒரு வீட்டுக்கும் உரிமையற்றவர்களாக அவர்கள் நிற்பதைக் கண்டபோது, துண்டாடலைத் தடுக்க அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்ததன் அருமை விளங்கியது. அவர் பிறந்த ஊர்க்காரர்களாகிய நாம் இந்த மனுவைக் கைவிடக் கூடாது.

வாக்குரிமை வயது 18 ஆனதும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பர் 15 முதல் நடப்பில் உள்ளன. ஆகவே இளைஞர்களைப் பதியச் சொல்லும் பணி இனி இல்லை. வாக்களிக்கும் தொகுதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதே பணி. ஆறாம் வகுப்பு வரை கட்டாயக் கல்வி 2003 முதல் உள்ள நிலையிலும் பள்ளிக்குப் போகாத சில பிள்ளைகளை ஆவண முகாமின் வழியாகக் கண்டறிந்து பள்ளியில் சேர்த்தோம்.

உறுப்பினர் சந்தா, வரவு செலவு விவரங்கள் பொருளாளர் அறிக்கையில் உள்ளன. முகாமுக்கு வந்த எவரிடமும் கட்டணம் வாங்கப்படவில்லை. இளைஞர் பிரிவினருக்கும், ஊதியமின்றி வந்து உதவிய வழக்கறிஞர்களுக்கும், சத்தியப் பிரமாணம் தர வேலை நாளில் விடுப்பெடுத்து வந்த மூத்தவர்களுக்கும் செயலவையின் சார்பில் நன்றி கூறுகிறேன்.

வரும் ஆண்டுக்குச் செயலவை மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறது. ஆவண முகாமை நிரந்தரப் பணியாக்கித் தனிக் குழு அமைக்க வேண்டும். மூடப்பட்ட தோட்டங்களின் பழைய பதிவேடுகள் எவர் வீட்டிலேனும் இருந்தால் அவற்றைப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும். நாடற்ற பிள்ளைகளின் விவரங்களைத் தொகுத்துப் பெற்றோரின் ஒப்புதலுடன் சுஹாகாமுக்கு அனுப்ப வேண்டும். இவை இன்றைய கூட்டத்தில் தீர்மானங்களாக விவாதிக்கப்படும். கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டுக் கணக்கையும் அறிக்கையையும் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், திருத்தங்கள் இருந்தால் உறுப்பினர்கள் இப்போதே தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையை அவையின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்