கல்வெட்டில் இடமில்லாத ஒரு பெயர்

ஊராட்சி நிர்வாகத்துக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஐயா அவர்களுக்கும்,

வணக்கம். தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எந்த ஊர், எந்தப் பூங்கா என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைகாசியில் ஒரு மனு கொடுத்தேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் இன்னொன்று கொடுத்து ரசீதும் வாங்கினேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து நின்றும் கேட்டேன். மூன்று தடவையும் கேட்டது ஒன்றுதான்: அங்கன்வாடியை ஒட்டிய பாத்தியில், "இது கண்வலிக்கிழங்கு, விஷம், தோண்டாதீர்கள், வாயில் வைக்காதீர்கள்" என்று ஒரு பலகை.

இந்தக் கிழங்கின் கொடியான செங்காந்தள் நம் மாநில மலர், அதைப் பிடுங்கச் சொல்வது சரியில்லை என்று சபையில் ஒருவர் பதில் சொன்னார். பிடுங்கு என்று நான் எப்போதாவது சொன்னேனா? அந்தப் பூ எனக்கும் பிடிக்கும். பச்சையில் தொடங்கி மஞ்சளாகி நெருப்பாகச் சிவந்து நிற்கும் அழகைப் பார்த்துத்தான் சங்கப் புலவர்கள் அதைப் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்னார்கள். ஆனால் அந்த விரல் மண்ணுக்குள் வைத்திருப்பது கோல்சிசின் என்ற விஷம். விதை, இலை, தண்டு எல்லாமே விஷம்தான். கிழங்கு ரொம்ப மோசம். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்சிகம் கிழங்கிலும் இதே விஷம்தான். அதன் இலையைக் காட்டுப்பூண்டு என்று பறித்துச் சமைத்து அங்கேயும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதை ஏக்கர் கணக்கில் விதைக்காக வளர்க்கிறார்கள். மூட்டுவாத மருந்துக்குப் போகிறது. அந்த விவசாயிக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரியும். எங்கள் பெரியம்மாவுக்குத் தெரிய வழியே இல்லை.

நடந்ததை மறுபடி சொல்கிறேன், மனுவில் இரண்டு வரிக்கு மேல் எழுத இடம் விடவில்லை. சித்திரைக் கடைசி. நூறு நாள் வேலையில் பூங்காப் பாத்தியைக் கொத்திவிடச் சொன்னீர்கள். இந்தக் கொடி கோடையில் காய்ந்து மண்ணோடு போய்விடும். இலை இருந்தால் அதன் நுனி சுருண்டு கம்பியைப் பிடித்திருப்பதைப் பார்த்தே பெரியம்மா எட்டி நின்றிருப்பார். வெறும் மண்ணில் கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு நாலைந்து வந்தது. காட்டுவள்ளி என்று நினைத்து மடியில் கட்டிக்கொண்டு வந்து, உப்புப் போட்டு வேகவைத்தார். பேரன் ஊரில் இல்லை, குலதெய்வம் காப்பாற்றியது.

நடுராத்திரி வாந்தி ஆரம்பித்தது. விடிவதற்குள் பேதியும் சேர்ந்து ஆள் துணியாகத் துவண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டாங்க?" கிழங்கு என்றேன். "என்ன கிழங்கு?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடனே வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, குப்பைக்குழியில் கையை விட்டுத் தோலைப் பொறுக்கிப் பையில் போட்டு மறுபடி ஓடினேன். வயதான நர்ஸம்மா ஒருவர் பார்த்ததுமே "ஐயோ, கலப்பைக் கிழங்கு" என்றார். போக வர ஒன்றரை மணி நேரம். பாத்தியில் ஒரு பெயர் எழுதியிருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

இதற்கு ஆஸ்பத்திரியில் தயாராக முறிவு மருந்து கிடையாது. குளுகோஸ் ஏற்றி, தினம் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பு தாங்குமா என்று காத்திருப்பதுதான் வைத்தியம். உடம்பில் செல் பிரிந்து வளர்வதையே இந்த விஷம் நிறுத்திவிடுகிறது என்றார் டாக்டர். அதனால் முதலில் குடல், அப்புறம் ரத்தம். மூன்றாம் நாளிலிருந்து வெள்ளை அணு இறங்கிக்கொண்டே போனது. பிழைத்துவிட்டார் என்று நாங்கள் மூச்சு விட்ட பன்னிரண்டாம் நாள், தலை சீவியபோது முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. நாலு நாளில் தலை மொட்டை. திருப்பதிக்கு நேர்ந்துகொண்டாயா என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொன்னார், பிறகு முக்காடு போட்டுக்கொண்டார். முடி மறுபடி வளரும் என்கிறார்கள். வளர்கிறது, விரல்கடை அளவு. ஆனால் இன்னும் அந்தப் பூங்காத் தெரு வழியாக அவர் நூறு நாள் வேலைக்குப் போவதில்லை.

பூங்காவில் பலகையே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாசலில் கருப்புக் கிரானைட்டில் கல்வெட்டு இருக்கிறதே! திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்தியவர், மதிப்பீட்டுத் தொகை என்று பதினேழு பெயர்கள். எண்ணிப் பார்த்தேன். செடியின் பெயர் மட்டும் இல்லை. பைபாஸ் நடுத்திட்டில் அரளியை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆடு மாடு கடிக்காது, அதனால் வைக்கிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏன் கடிக்காது என்று ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது. திட்டம் போடுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பலகை விஷயத்துக்கு வருகிறேன். ஊராட்சிச் செயலரைக் கேட்டால், தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது, தனி அலுவலர் கையெழுத்து வேண்டும் என்கிறார். சரி, அதுவரைக்கும் என்று அட்டையில் நானே எழுதிக் கம்பியில் கட்டினேன். இரண்டாம் நாள் காணோம். அனுமதி இல்லாத விளம்பரமாம். அதே கம்பியில் யாருடைய பிறந்தநாளுக்கோ கட்டிய பிளெக்ஸ் ஆடியிலிருந்து அப்படியே தொங்குகிறது.

இப்போது புரட்டாசி. மழை பெய்து கொடி கம்பி முழுக்க ஏறிவிட்டது, மொட்டும் விட்டிருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் பூத்துக் குலுங்கும்போது அங்கன்வாடிப் பிள்ளைகள் பறிக்காமல் இருக்கப்போவதில்லை. அதன் பிறகு காய் வெடித்துச் சிவப்பு விதை தெரியும். பிள்ளைகளுக்கு அது மிட்டாய் மாதிரிதான் இருக்கும்.

அக்டோபர் 2 கிராம சபைக்குள் பாத்தியைச் சுற்றி இடுப்பளவு வலையும், தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகையும் வைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு மண்டை ஓட்டுப் படமும் வரையச் சொல்லுங்கள். அடுத்த கோடையில் கொத்த வரும் பெண்களுக்குக் கிழங்கைக் கையில் காட்டிச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். நிதி இல்லையென்றால் தகரமும் பெயின்ட்டும் நான் வாங்கித் தருகிறேன், அனுமதியை மட்டும் நீங்கள் தாருங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பெரியம்மாவின் தங்கை மகள்