பழைய பாலம் ஸ்நார்க்கலிங் பேக்கேஜ்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கலங்கல் தண்ணீரில் இறக்கிவிட்டு, பணம் தர மறுப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆபீசுக்குப் போனால் ஹார்பருக்குப் போ என்கிறார்கள், ஹார்பருக்குப் போனால் ஆபீசைக் கேள் என்கிறார்கள். அலைந்து ஓய்ந்த பிறகே எழுதுகிறேன். புதுச்சேரி கடலில் இடிந்து நிற்கும் பழைய பாலத்தின் தூண்களுக்கு நடுவே, மாஸ்க் மாட்டி நீந்தித் தண்ணீருக்கடியில் பார்க்கும் ஸ்நார்க்கலிங் பேக்கேஜ் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டாம். ஐந்து பேர், தலைக்கு 2,400 ரூபாய், காலை 6 மணி பேட்ச்.

6 மணி என்று ஏன் வைத்தீர்கள்? வெயில் ஏறினால் கடற்காற்று எழும்பும், தூண்களுக்கு நடுவே அலை எற்றும் என்பதால்தானே? படகு தேங்காய்த்திட்டு ஹார்பரை விட்டுக் கிளம்பியது பத்தரைக்கு. பெட்ரோல் வரவில்லையாம்.

முந்தின நாள்வரை மழை. முகத்துவாரத்திலிருந்து வண்டல் கலந்து, நீட்டிய கையின் விரல் தெரியாத தண்ணீர். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, கல்லைச் சேர்த்து இறக்கிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்று மீட்டருக்காவது தட்டு தெரியாவிட்டால், அந்த இரும்புத் தூண்களுக்குள் ஆளை இறக்கவே கூடாது. 1952 புயல் அடித்துப் போட்ட பாலம் அது. நிமிர்ந்து நிற்கும் தூணைப் பார்த்து ஒதுங்கலாம், தண்ணீருக்கு அடியில் முறிந்து நிற்கும் மொட்டைத் தூணை எப்படிப் பார்ப்பது? அதன் மேலெல்லாம் சிப்பியும், ஒட்டி வளரும் ஓட்டுப் பிராணியான கொட்டலசும் பிளேடு போல. என் மகளுக்கு முழங்கால் கிழிந்து டெட்டனஸ் ஊசி போட்டோம். துடுப்புக் காலணி கேட்டதற்கு “இங்க எதுக்குங்க அதெல்லாம்” என்றார் உங்கள் கைடு.

இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிப் பணம் கேட்டால், உங்கள் கஸ்டமர் கேர் ஆள் சொன்ன பதில்: “கடல் கலங்கினா நாங்க ஃபில்டர் போட முடியுமா சார்?” பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. பெயர் கேட்டதும் லைனைத் துண்டித்தார். ஃபில்டர் வேண்டாம் ஐயா, கலங்கியிருந்தால் பயணத்தை ரத்து செய்யும் புத்தி போதும்.

மாஸ்க்கை மறந்துவிட்டேன். வாரைப் போடாமல் முகத்தில் அழுத்தி மூக்கால் மூச்சை இழுத்தால் அது ஒட்டி நிற்க வேண்டும். நீங்கள் தந்தவற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. சிலிக்கான் மஞ்சளாகி விறைத்துவிட்டது. டிரைவரும் தூண்களை ஒட்டியே நங்கூரம் போட்டார். நீவாடு (கடல் நீரோட்டம்) திரும்பியதும் படகின் பின்பக்கம் தூணில் இடித்தது. எஞ்சினை அணைக்காமலே எங்களை இறங்கச் சொன்னார். புரொப்பல்லருக்குக் காப்பு வளையமும் இல்லை. விபத்து நடக்காதது உங்கள் திறமையால் அல்ல.

உங்கள் விளம்பர நோட்டீசில் இந்தப் பாலத்தைச் “சோழர் காலத் துறைமுகம்” என்று வேறு! பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் திறந்த பாலம் அது. இந்த ஊரில் கடற்கரைக்கு வாக்கிங் வருகிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

பணத்துக்குப் பதில் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைக்குக் கூப்பன் தருகிறீர்கள். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இடித்த கோட்டை, மிச்சமிருப்பது கரைமேல். அங்கே மாஸ்க் மாட்டிக்கொண்டு எதைப் பார்ப்பது?

தயவுசெய்து 12,000 ரூபாயையும், மருத்துவச் செலவையும், எங்கள் குடும்பத்தின் ஒரு வருட விடுமுறையே பாழானதற்கு ஒரு லட்சம் ரூபாயையும் 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். உங்களோடு சண்டை போடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணமே கிடையாது. காப்பு வளையம் இல்லாத படகின் போட்டோ சுற்றுலாத் துறைக்கும் கடலோரக் காவல் படைக்கும் போகும்.

பேச விரும்பினால் கூப்பிடுங்கள். அந்த ‘ஃபில்டர்’ ஆள் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பி.கு.: மாஸ்க்குக்கு வாங்கிய 500 ரூபாய் டெபாசிட்டும் இன்னும் வரவில்லை.