அப்பாவின் லாட்டரியைப் பற்றி நரம்பு டாக்டரிடம் சொல், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அப்பாவுக்குக் கோட்டி பிடிக்கவில்லை. யாரும் செய்வினை வைக்கவும் இல்லை. அவர் கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசலுக்குப் பஸ் ஏறிப் போய் லாட்டரி வாங்குவதற்கும், கை நடுக்கத்துக்காக அவர் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்றுக்கும் தொடர்பு இருக்கலாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லவேண்டும்: இதைப் படித்த கையோடு அந்த மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. ஏன் என்று பின்னால் வருகிறது.

நீ என் மெடிக்கல் கடைக்கு வந்து அப்பாவைப் பற்றிச் சொன்னதற்குப் பதில் இது. கடையில் ஆள் நிற்கும்போது பேசும் பேச்சில்லை என்பதால் எழுதுகிறேன். உன் பேரோ தெருவோ இதில் வராது. எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. செங்கோட்டை, புளியரை, பண்பொழி, தென்காசி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் இதே மாத்திரையைச் சாப்பிடும் பெரியவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது உன்னைப் போல வெளியே சொல்லமுடியாமல் புழுங்கிக்கொண்டிருக்கலாம்.

நீ சொன்னதில் எனக்கு மிகவும் உறைத்தது இதுதான்: "தீவாளிக்குக்கூட சீட்டுக்கட்டைத் தொடாத மனுசன் அண்ணாச்சி." அறுபது வயது தாண்டும்வரை பத்து பைசா பந்தயம் கட்டாத ஒருவர், ஒரு வருஷத்துக்குள் ஒரே நம்பரில் செட் செட்டாகச் சீட்டு வாங்குகிறார். பேத்தியின் கம்மல் அடகுக்குப் போகிறது. கேட்டால் கண்ணீர் விடுகிறார், மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். கூடவே இன்னொன்றும் சொன்னாய், அதை நீ பெரிதாக நினைக்கவில்லை: ராத்திரி தூங்காமல் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு, திரும்பச் சேர்த்து, மறுபடியும் பிரிக்கிறார் என்று. லாட்டரியையும் ரேடியோவையும் சேர்த்துக் கேட்டதும்தான் மருந்துச் சீட்டை இன்னொரு தடவை பார்த்தேன். அதில் பிரமிபெக்சோல் இருந்தது.

அப்பாவுக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. அதனால்தான் நடுக்கம், விறைப்பு, அடி எடுத்துவைக்கத் தயக்கம். இதற்கு இரண்டு வகை மருந்து அதிகம் எழுதுவார்கள். லீவோடோபா மூளைக்குள் போய் டோபமினாகவே மாறிவிடும். பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை அப்படி மாறாது; டோபமின் போய் உட்காரும் இடத்தில் தானே போய் உட்கார்ந்து அதன் வேலையைச் செய்யும். டோபமினுக்கு அசைவு மட்டும் வேலை இல்லை. ஆசை, எதிர்பார்ப்பு, 'இன்னும் ஒரு தடவை' என்ற உந்துதல் எல்லாம் ஓடும் பகுதியும் அதை நம்பித்தான் இருக்கிறது. பார்க்கின்சனில் அந்தப் பகுதி அவ்வளவு சேதமாவதில்லை. காய்ந்த வயலுக்கென்று மதகைத் திறந்தால், பக்கத்தில் ஏற்கெனவே ஈரமாக இருந்த வயல் முங்கிப்போகும் இல்லையா, அந்த மாதிரி. பிரமிபெக்சோல் அதிகம் ஒட்டிக்கொள்ளும் டி3 என்ற ஏற்பிகள் (டோபமின் போய் உட்காரும் இடங்களில் ஒரு வகை) அந்த ஆசைப் பகுதியில்தான் நிறைய இருக்கின்றன.

இது நான் கடையில் உட்கார்ந்து யோசித்துச் சொல்வதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்து 2010இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. இந்த வகை மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு ஏதாவது ஒரு அடக்கமுடியாத பழக்கம் வந்திருந்தது. சாப்பிடாதவர்களில் அது நூற்றுக்கு 7 பேர்தான். சூதாட்டம், கண்டதையும் வாங்கிக் குவிப்பது, வயிறு நிறைந்த பிறகும் தின்றுகொண்டே இருப்பது, அளவுக்கு மீறிய காம இச்சை, இந்த நாலும்தான் முக்கியமாக வருகின்றன. கடைசியில் சொன்னதை எந்தப் பெரியவரும் மகளிடம் சொல்லமாட்டார், எந்த அம்மாவும் பிள்ளைகளிடம் சொல்லமாட்டாள். அதனால் அது வீட்டுக்குள்ளேயே புதைந்துகிடக்கும். அந்த ரேடியோ பிரிக்கிற வேலைக்கும் மருத்துவத்தில் தனிப் பேர் வைத்திருக்கிறார்கள்.

இந்த வகை மருந்து பார்க்கின்சனுக்கு மட்டும் போவதில்லை. ராத்திரி கால் குடைச்சலுக்கும் இதே பிரமிபெக்சோல், ரோபினிரோலைக் குறைந்த அளவில் எழுதுகிறார்கள். பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடுதலாக இருக்கும் பெண்களுக்குக் கொடுக்கும் கேபர்கோலினும் இந்த இனம்தான். மனநோய்க்கான அரிபிப்ரசோல் வேறு வகை. அதிலும் அடக்கமுடியாத உந்துதல் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. சாப்பிடும் எல்லாருக்கும் வராது. ஆனால் வரக்கூடும் என்று மருந்து எழுதும்போதே வீட்டாரிடம் சொல்லியிருக்கவேண்டும். உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம் நிறையவே உண்டு.

இப்போது லாட்டரிக்கு வருகிறேன். கேரளாவில் 1967இலிருந்து அரசாங்கமே நடத்துகிறது. நம் பக்கம் 2003 ஜனவரியில் தடை செய்தாயிற்று. ஆனால் புளியரை வளைவு ஏறினால் அந்தப் பக்கம் கடை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூரோடு இருந்த ஊர்; கல்யாணம், வியாபாரம், ஆஸ்பத்திரி என்று தினமும் எல்லை தாண்டுகிற சனம். அப்பாவைக் கேரளாவுக்குப் போகாதே என்று சொல்லி நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. போகாவிட்டாலும், அதே கேரளா ரிசல்ட்டை வைத்துத் திருட்டுத்தனமாக மூணு நம்பர் எழுதுகிற ஆட்கள் இந்தப் பக்கமே உண்டு.

ஜெயிக்கவே இல்லையே, பின்னே எப்படி ருசி பிடிக்கும் என்று கேட்டாய். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1990களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில் சாறு வாயில் விழும்போது டோபமின் செல்கள் துடித்தன. பழகியபிறகு, சாறு வரப்போகிறது என்று காட்டும் விளக்கு எரிந்ததுமே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. டோபமின் அதிகம் பேசுவது கிடைத்ததைப் பற்றி இல்லை, கிடைக்கப்போவதைப் பற்றி. அப்பாவுக்கு விளக்கு எரிவது பஸ் ஏறும்போது. மூணு மணிக் குலுக்கல் வரைக்கும் அது எரிந்துகொண்டே இருக்கும். சின்னப் பரிசுகளுக்குக் கடைசி நாலு எண்ணை மட்டும் பார்ப்பார்கள் என்பதால் 'ஒரு நம்பரில் போச்சே' என்பது அடிக்கடி நடக்கும். அப்படி மயிரிழையில் தவறுவதும் மூளையில் ஜெயித்த இடத்தையே கிளப்புகிறது என்று 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2023 ஓணம் பம்பர் 25 கோடி வாளையாறில் வாங்கிய சீட்டுக்கு விழுந்து, அது திருப்பூர்க்காரர்களுக்குப் போனதை அப்பா ஓயாமல் சொல்கிறார் என்றாயே. உண்மையில் நடந்ததுதான் அது. நம்ப ஒரு உண்மை இருந்தால் உந்துதலுக்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

மருத்துவ உலகத்துக்கே இதை எங்கே வைப்பது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு சூதாட்டத்தை நோயாகச் சேர்த்தபோது, உந்துதலை அடக்கமுடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்தது. தேவையில்லாமலே திருடுவது, தீ வைப்பது, திடீர் ஆத்திரத்தில் அடித்து உடைப்பது எல்லாம் அந்த வரிசை. செய்யும்முன் தாங்கமுடியாத முறுக்கம், செய்ததும் ஒரு விடுதலை, பிறகு குற்ற உணர்வு, இதுதான் அவற்றின் போக்கு. 2013இல் சூதாட்டத்தை அங்கிருந்து தூக்கி மது, போதைப்பொருள் இருக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். காரணம், குடியில் நடப்பதெல்லாம் இதிலும் நடக்கிறது: முதலில் ஒரு சீட்டு போதும், பிறகு பத்து வேண்டும், நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, தோற்ற பணத்தைப் பிடிக்க மேலும் போடுவது, பொய். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் இதோடு வீடியோ கேம் அடிமைத்தனமும் சேர்ந்திருக்கிறது.

இதை இவ்வளவு சொல்வது உன் தம்பிக்காக. அப்பாவைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, "அவனை மாதிரி இல்லை அண்ணாச்சி, அவன் திமிரெடுத்துக் குடிக்கான்" என்றாய். நாளைக்கே மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தால் அப்பாவை நீ மன்னித்துவிடுவாய். தம்பியை? அப்பாவுக்கு மாத்திரை வெளியிலிருந்து போய் எதைத் தொட்டதோ, டாஸ்மாக் சரக்கும் வருஷக்கணக்காக அதே இடத்தைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. முதல் தடவை குடித்தது அவன் இஷ்டம்தான், மறுக்கவில்லை. இப்போது காலையில் கை நடுங்கிக்கொண்டு கடை திறக்கக் காத்திருக்கிறானே, அதில் இஷ்டம் எவ்வளவு மிச்சம் என்று எனக்குச் சந்தேகம். சூதாட்டத்துக்கும் குடிக்கும் ஒரே மருந்து, நால்ட்ரெக்சோன், இரண்டுக்கும் பயன்படுத்திப் பார்க்கப்படுகிறது. ஒருவரை நோயாளி என்றும் மற்றவரை அயோக்கியன் என்றும் ஏசுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

தம்பி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு அன்றைக்கே குடியை விட்டுவிடச் சொல்வோம் என்று அம்மா நினைப்பதாகச் சொன்னாய். தினமும் நிறையக் குடிப்பவன் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். 'சாமி குத்தம்' என்று அதைச் சொல்லிவிடுகிறார்கள். மாலை போடட்டும். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்தும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து நிறுத்தவேண்டும்.

இரண்டாவது, சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மாத்திரை. என் கடையில் இதைக் கேட்காத வாரம் கிடையாது, நான் கொடுப்பதும் கிடையாது. டைசல்ஃபிரம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். இருதயம் பலவீனமானவன் செத்தும் போகலாம். அது நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடவேண்டிய மருந்து.

அப்பாவுக்குத் திரும்புகிறேன். பிரமிபெக்சோலைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து முடங்கலாம். அது போக, பதற்றம், பீதி, வியர்வை, ஆழ்ந்த மனச்சோர்வு, அந்த மருந்துக்காகவே ஏங்குவது என்று ஒரு நிலை வரும் என்று 2010இல் பதிவு செய்தார்கள். அதனால் நரம்பு டாக்டர்தான் அளவைப் பையப் பையக் குறைத்து, வேண்டுமானால் லீவோடோபாவைக் கூட்டிச் சரிக்கட்டவேண்டும். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு இந்த உந்துதல் அடங்கிவிடுகிறது. உடனே இல்லாவிட்டாலும் அடங்குகிறது. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. சிலருக்கு மனநல டாக்டரும் சேர்ந்து பார்க்கவேண்டியிருக்கும்.

அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்காதே, தேதியை முன்னால் வாங்கு. உள்ளே போனதும் டாக்டர் நடுக்கத்தைப் பற்றித்தான் கேட்பார், அப்பாவும் 'பரவாயில்லை' என்பார். ஆகையால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டு: எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, அளவு எப்போது கூடியது, லாட்டரி எப்போது தொடங்கியது, எவ்வளவு போயிருக்கிறது, ரேடியோ, தூக்கம். தாத்தா குடித்தார் என்றாய், அதையும் எழுது. குடும்பத்தில் குடியோ சூதோ இருந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று அம்மாவிடம் தனியாகக் கேட்கும்படி டாக்டரிடம் சொல். திருவனந்தபுரத்துக்கு அலைய முடியாவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலும் நரம்பியல் பிரிவு இருக்கிறது.

அதுவரைக்கும் பணத்தை அவர் கைக்கு எட்டாமல் வை. ஒளித்து வைக்காதே, அவரிடம் சொல்லியே செய். 'உங்க மாத்திரை பண்ணுற வேலை இதுன்னு அண்ணாச்சி சொல்றாரு, சரியாகிற வரைக்கும் ஏடிஎம் கார்டு என்கிட்ட இருக்கட்டும்' என்று சொன்னால் அநேகமாகக் கொடுத்துவிடுவார். அவரும் இதிலிருந்து வெளியே வரத்தான் அழுகிறார். நகையை, இரண்டு பேர் சேர்ந்து போனால்தான் திறக்கிற லாக்கரில் வை. போனில் பணம் அனுப்பும் வசதியை எடுத்துவிடு. கடன்காரர்கள் யார் யார் என்று கேட்டு வாங்கு, ஆனால் ஏசாதே. சூதாட்டத்தில் விழுந்தவர்கள் வெளியே சொல்லமுடியாத கடனில் உயிரை விடத் துணிவது உண்டு. 'நான் இருந்து என்ன' என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே 14416க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். தம்பிக்கு 14446, போதை மீட்புக்கான எண். தென்காசி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் கேட்கலாம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் புது மருந்துச் சீட்டோடு மத்தியானம் மூணு மணி வாக்கில் வா, அப்போது கடையில் கூட்டம் இருக்காது. டாக்டர் சொன்னபடி எந்த மாத்திரையை எந்த வாரம் எவ்வளவு குறைக்கவேண்டும் என்று அட்டையில் தேதி போட்டு எழுதித் தருகிறேன். தம்பிக்கு வர இஷ்டமிருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
மெடிக்கல் கடை அண்ணாச்சி
செங்கோட்டை