கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், சேகர்

அன்புள்ள சேகர்,

உன் மெசேஜ் வந்து நாலு நாளாகிவிட்டது, பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய். உன் பையன் கார்த்திக்கு அமெரிக்க விசா கிடைத்தது, ஜனவரி மூன்றாம் வாரம் இங்கே பஃபலோவில் வந்து இறங்குகிறான் என்று படித்ததும் செல்விக்குத்தான் முதலில் போன் போட்டேன். அவன் காது குத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவன் நான், இப்போது அவனையே ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்து வரப் போகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம். பனிப்புயல் எச்சரிக்கை என்று வந்த செய்தியை அனுப்பிவிட்டு, "நிஜமாவே பயப்படணுமா, இல்ல நம்ம ஊர் மாதிரி சும்மா கூண்டு ஏத்துறாங்களா?" என்று கேட்டிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நானும் இங்கே முதல் பத்து வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாபகம் இருக்கிறதா, கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால் நமக்கு ஒரே கவலை பள்ளிக்கூடம் லீவா இல்லையா என்பதுதான். லீவு விட்டால் நேராக சில்வர் பீச்சுக்கு அலை பார்க்கப் போவோம். பத்துத் தடவை கூண்டு ஏற்றி ஒன்பது தடவை புயல் வேறு எங்கோ போய்விட்டால் பத்தாவது தடவையும் அலை பார்க்கத்தான் தோன்றும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் வந்தபோது நீ அங்கே இருந்தாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. (உன் தங்கை வீட்டு முந்திரித் தோப்பு இப்போது எப்படிக் காய்க்கிறது? அந்த வருஷம் வேரோடு விழுந்த மரங்களை நீ படம் எடுத்து அனுப்பியது இன்னும் என்னிடம் இருக்கிறது.)

என்னுடைய தானே 2022 டிசம்பர் 23 அன்று வந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், நவம்பரில், பெரிய எச்சரிக்கை ஒன்று வந்தது. தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறரை அடிப் பனி கொட்டியது. வடக்கே நாங்கள் இருக்கும் ஆம்ஹர்ஸ்டில் வழக்கமான பனிதான், காலையில் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தோம். இந்த ஊர்ப் பனி அப்படித்தான்: உறையாத ஈரி ஏரியின் மேல் குளிர்ந்த காற்று நீளவாக்கில் ஓடிவந்து, ஈரத்தை உறிஞ்சி, குறுகலான ஒரு பட்டையாகக் கரையில் கொட்டும். பட்டைக்குள் இருந்தால் வீட்டுக் கதவு திறக்காது, பத்து மைல் தள்ளியிருந்தால் வெயில்கூட அடிக்கும். அதனால் ஒவ்வொருவரும் இது நமக்கில்லை என்றே படிப்போம். நான் அப்படித்தான் படித்தேன்.

டிசம்பரில் வானிலை மையம் ஒன்றும் மழுப்பவில்லை. தலைமுறைக்கு ஒரு முறை வரக்கூடிய புயல் என்று நாள்கணக்கில் முன்பே சொல்லிவிட்டார்கள். செல்விக்கு வியாழன் இரவு ஆஸ்பத்திரியில் டியூட்டி. வெள்ளி காலை ஜன்னலைத் திறந்து பார்த்தால் வெறும் மழை, மார்கழித் தூறல் மாதிரி. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எட்டரைக்கு அவளை அழைத்துவரக் காரை எடுத்தேன். மொத்தமே ஆறு மைல்தான்.

கால் மணி நேரம் இருக்குமா, தெரியாது. காற்று திரும்பியது, மழை பனியானது, ஈரமாக இருந்த ரோடு அப்படியே கண்ணாடியானது. அப்புறம் வெள்ளை. மூடுபனி என்று நினைத்துக்கொள்ளாதே, ஊட்டியில் பார்த்த மாதிரி இல்லை இது, காரின் பானட் தெரியவில்லை. திரும்பலாம் என்று வளைத்ததில் ஓரத்துக் குவியலில் சக்கரம் இறங்கிவிட்டது. இஞ்சினை ஓட விட்டு ஹீட்டரில் உட்கார்ந்திருந்தேன், பின்னால் சைலன்சர் பனியில் புதைந்துகொண்டிருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், மணமும் கிடையாது, தூங்குவது போலப் போய்விடலாம். நல்ல வேளை, கார் நின்ற இடத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டே வந்து கண்ணாடியைத் தட்டினார். இரண்டு ராத்திரி அவர் வீட்டு சோபாவில் படுத்தேன். அவர் வீட்டிலிருந்து என் வீடு நடந்தால் ஏழு நிமிஷம்.

வண்டி ஓட்டத் தடை என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது காலை 9.30 மணியிலிருந்து. அதற்குள் நான் மாட்டியாகிவிட்டது, வேலைக்குப் போனவர்களும் போயாகிவிட்டது. அது தாமதம் என்று பின்னால் பெரிய சண்டையே நடந்தது, என் கருத்தும் அதுதான். நாள் கூலிக்காரன் எச்சரிக்கையைப் பார்த்து வீட்டில் இருக்க மாட்டான், தடை போட்டால்தான் முதலாளி விடுவான். ஆனால் என்னைக் கூலி துரத்தவில்லை. நான் போனது வெறும் மெத்தனத்தில்.

காற்று 56 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல், 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாமல் மூன்று மணி நேரம் நீடித்தால் அதை பிளிசர்ட் என்கிறார்கள். அன்று அது 37 மணி நேரம் நீடித்தது. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாமே நடுரோட்டில் புதைந்து நின்றன, அவசர உதவிக்கு 911-க்குப் போன் போட்டவர்களிடம் யாராலும் போய்ச் சேர முடியவில்லை. ஏர்போர்ட் 28-ஆம் தேதிதான் திறந்தது, அங்கே அளந்த பனி நாலு அடிக்கு மேல். இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். காருக்குள், நடைபாதையில், கரண்ட் போய் ஹீட்டர் இல்லாத வீட்டுக்குள், பனி தள்ளும்போது நெஞ்சு அடைத்து. ஊர்க்காரர்கள் தாத்தா கதை மாதிரிச் சொல்லும் 1977 புயலில்கூட 29 பேர்தான். அந்த வருஷம் ஏரி முழுக்க உறைந்திருந்தது, வானத்திலிருந்து விழுந்ததைவிட ஏரி மேல் கிடந்த பனியைக் காற்று ஊருக்குள் அள்ளிக் கொட்டியதுதான் அதிகம்.

செல்வி ஞாயிறு மாலைதான் வந்தாள், யாரோ ஒரு தன்னார்வலரின் ஸ்னோமொபைலில், பனி மேல் ஓடும் பைக் மாதிரி வண்டி அது. கல்யாணமான புதிதில் என் டிவிஎஸ் 50-யில் பின்னால் உட்காரப் பயந்தவள். மாற்று ஆள் வராமல் மூன்று நாள் அங்கேயே வேலை பார்த்திருக்கிறாள். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அவளைக் காக்கவைத்ததற்காக இல்லை, கிளம்பினதற்காக.

கார்த்தியிடம் இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தாதே. இரண்டு மூன்று விஷயம் மட்டும் சொல். போனில் வாட்ச் என்று வந்தால் வரலாம் என்று அர்த்தம், மளிகை, மருந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அட்வைசரி என்றால் தொந்தரவு, பார்த்துப் போ. வார்னிங் என்றால் போகாதே. நம்மவர்கள் அட்வைசரிதான் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்கிறார்கள். வெளியே வெயில் அடிக்கிறதே என்று பார்க்கக் கூடாது, காற்றோடு சேர்ந்து உடம்பில் உறைக்கும் குளிர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், மூடாத விரலும் காது மடலும் நிமிஷக் கணக்கில் உறைந்து செத்துப்போகும். சிநேகிதர்கள் காரில் ஏறினால் போர்வையும் பனி அள்ளும் ஷவலும் இருக்கிறதா என்று கேட்கட்டும், சிரித்தால் சிரிக்கட்டும். மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்கவே கூடாது, சைலன்சரைத் தோண்டிவிட்டு, மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் இஞ்சின், ஜன்னல் ஒரு விரல் திறப்பு.

ஜாக்கெட், பூட்ஸ் எதையும் சென்னையில் வாங்கித் தொலைக்காதே, இங்கே நான் கூட்டிப்போய் வாங்கித் தருகிறேன். அந்த இடத்தில் உங்கள் அம்மா போடும் மாவடுவை வைத்து அனுப்பு. என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, செல்வி இப்போது பகல் டியூட்டிக்கு மாறிவிட்டாள், வேறு புதிதாக ஒன்றுமில்லை.

அவன் வரும் நாளில் இங்கே வார்னிங் இருந்தால் கனெக்டிங் ஊரிலேயே தங்கச் சொல்லிவிடு, யாரோ பஸ்ஸில் போகிறார்கள் என்று ராத்திரியில் ஏறிவிடக் கூடாது. டிக்கெட்டை வாட்ஸ்ஆப்பில் அனுப்பு, எந்த ஊர் வழியாக வருகிறான் என்று பார்த்து அங்கே தெரிந்தவர்கள் யாரையாவது சொல்லி வைக்கிறேன்.

உன்,
குமார்